மலை தொடங்கும் இடம்

முதல் நாள் காலையில் அம்மாவின் தாலிக் கயிற்றிலிருந்து ஐந்து ஊக்குகளைக் கழற்றி வாங்கினேன். எங்கள் பக்கத்துப் பெண்களின் தாலியில் எப்போதும் நாலைந்து ஊக்கு தொங்கும். காலில் முள் தைத்தால் எடுக்க, முந்தானை கிழிந்தால் சேர்த்துப் பிடிக்க, அவசரத்துக்குக் கேட்பவளுக்கு ஒன்று கொடுக்க. அம்மாவின் தாலியில் பொன்னைவிட ஊக்குதான் கனம் அதிகம். அவற்றையும், அவளுடைய கொண்டை ஊசிகளையும், இடுப்பில் செருகியிருந்த பெட்டிச் சாவியையும் ஒரு பழைய மருந்து டப்பாவில் போட்டு மூடினேன்.

“இன்னாடி இது, ஆஸ்பத்திரில ஆப்ரேசனுக்குக் கூட்டினு போற மாதிரி ஒண்ணொண்ணா அவுக்கற?” என்றாள்.

“இரும்பு கூடாதும்மா. கிட்ட இரும்பு இருந்தா பெட்டி பொய் சொல்லும்.”

“வேற ஒண்ணுமில்ல எங்கிட்ட. போலாம் வா.”

அவள் அப்படிச் சொன்னபோது என் முகத்தைப் பார்க்கவில்லை. பூமிக்கு அடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்கக் கிளம்பியவள், எதிரில் நின்ற அம்மாவின் முகத்தை ஒழுங்காகப் பார்க்கவில்லை.

அப்போது நான் புவி இயற்பியலில் முனைவர் பட்ட ஆராய்ச்சியின் கடைசிக் கட்டத்தில் இருந்தேன். கல்வராயன் மலை கருமையான, கனத்த பாறையால் ஆனது. கீழே கள்ளக்குறிச்சி, சங்கராபுரம் பக்கம் பரந்து கிடக்கும் சமவெளியில் இருப்பது வெளிறிய, வரிவரியான, அதைவிட லேசான பாறை. இந்த இரண்டும் மண்ணுக்கு அடியில் எங்கே சந்திக்கின்றன என்பதுதான் என் கேள்வி. தோண்டிப் பார்க்கிற ஆழமில்லை. ஆனால் கனத்த பாறை கீழே இருக்கும் இடத்தில் பூமியின் இழுப்பு மயிரிழை அதிகமாக இருக்கும். ஈர்ப்புமானிக்குள் மெல்லிய வில்சுருளில் ஒரு சின்ன எடை தொங்குகிறது. அந்த மயிரிழையை அது காட்டிவிடும். அந்தக் கரும்பாறையில் காந்தத் தன்மையுள்ள தாதுவும் கலந்திருப்பதால் அங்கே பூமியின் காந்தப் புலமும் கொஞ்சம் மாறும். அதைச் சொல்ல இன்னொரு கருவி, காந்தமானி. இரண்டும் ஒரே இடத்தைக் காட்டினால் விஷயம் ஏறக்குறைய முடிந்தது. அம்மா முதலாவதற்கு எடைப்பெட்டி என்றும் இரண்டாவதற்குக் காந்தப்பெட்டி என்றும் பெயர் வைத்தாள். எனக்கும் அதுவே பழகிவிட்டது.

துணைக்கு வருவதாக இருந்த சக மாணவன் வேலை கிடைத்துப் போய்விட்டான். நான் தனியாகவே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அம்மா ஒற்றைக் காலில் நின்றாள்.

“பொட்டப்புள்ள தனியா மலைக்குப் போவக் கூடாது.”

எனக்கு அப்போது இருபத்தொன்பது வயது. அது அவள் கணக்கில் வராது. நடவு, களையெடுப்பு, கரும்புக்குச் சோகை உரிப்பது என்று தினக்கூலிக்குப் போய்க்கொண்டிருந்தவள், மூன்று மாதத்துக்கு அதையெல்லாம் விட்டுவிட்டு என் பின்னால் வந்தாள். நான் அளக்கவேண்டிய கோடு சங்கராபுரம் பக்கத்திலிருந்து எங்கள் ஊர் வழியாகவே மலைக்குப் போனது. அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்குப் பக்கம் பக்கமாக அறிவியல் காரணங்கள் எழுதியிருந்தேன். வீட்டுச் சோறு என்கிற காரணத்தை மட்டும் எழுதவில்லை.

சின்னசேலம் ரயில் நிலையத்தில் தொடங்கினோம். ரயில் நிலையத்துப் பெயர்ப்பலகையில் கடல் மட்டத்திலிருந்து உயரம் எவ்வளவு என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். அதை நின்று படிப்பவர்கள் உலகத்திலேயே எங்களைப் போன்றவர்கள் மட்டும்தான். உயரம் சரியாகத் தெரிந்த இடத்திலிருந்து தொடங்கினால்தான் ஈர்ப்புக் கணக்கு தேறும். அங்கே ஓர் அளவு எடுத்துவிட்டு, அதோடு ஒப்பிட எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட வாசலில் அடுத்ததை எடுக்க வந்தோம். ஷேர் ஆட்டோவில் ஈர்ப்புமானியை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு வந்தேன். ஒரு குலுக்கல் அதிகமானாலும் உள்ளே இருக்கும் வில் கோபித்துக்கொள்ளும். பள்ளத்தில் ஆட்டோ இறங்கும்போதெல்லாம் ஓட்டுநரை முறைத்தேன். எதிரில் இருந்த அம்மா என்னையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“கைக்கொழந்தய வச்சிக்கினு இருக்கற மாதிரியே இருக்குது உன்ன பாத்தா,” என்றாள். கல்யாணப் பேச்சுக்கு அடிபோடுகிறாள் என்று நினைத்து வெடுக்கென்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

வயல்களில் எங்களைப் பார்ப்பவர்களுக்கு ஒரே சந்தேகம்தான்.

“இன்னா கண்ணு, ரோட்டுக்கு அளக்கறீங்களா?”

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா பதில் சொல்லிவிடுவாள். “அதெல்லாம் இல்லீங்க. எம் பொண்ணு பூமிய எடை போடுது.”

“போட்டு இன்னா பண்ணப் போவுது?”

“அத அதுதான் சொல்லணும்,” என்று என்னைக் கைகாட்டிவிட்டு நகர்ந்துவிடுவாள். நிலம் போகப்போவதில்லை என்று அவர்களை நம்பவைக்க எனக்குக் கால்மணி நேரம் ஆகும்.

ஈர்ப்பு வேலையை முடித்துவிட்டுக் காந்தமானியை எடுத்தோம். இரும்பு ஆகாதது இதற்குத்தான், பின்னால் மறந்துவிடக் கூடாதென்றே முதல் நாளே எல்லாவற்றையும் கழற்றி வாங்கியிருந்தேன். அதன் பெட்டியைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளவேண்டும். உணரும் பகுதி தனியாக ஓர் அலுமினியக் கோலின் உச்சியில் இருக்கும். ஆள் உயரத்துக்கு மேல் இரண்டு சாண். சமவெளியில் கோலை நானே பிடித்துக்கொண்டேன். அம்மா சாப்பாட்டுப் பையோடு ஏதாவது ஒரு வரப்பில் தள்ளி உட்கார்ந்திருப்பாள். மலையடிவாரம் வந்ததும் அது முடியவில்லை. சரிவில் ஒரு காலை மேலேயும் ஒரு காலைக் கீழேயும் ஊன்றி, கோலையும் பிடித்து, பொத்தானையும் அழுத்த எனக்கு மூன்றாவது கை இல்லை. அம்மா வந்து கோலைப் பிடித்தாள். ஆடாமல் அசையாமல், கொடிமரம் மாதிரி பிடித்தாள்.

அடிவாரத்தில் அளவெடுத்த முதல் பாயிண்டிலேயே எண் குதித்தது. நாற்பதாயிரத்துச் சொச்சத்தில் சாதுவாக ஊர்ந்துகொண்டிருந்த எண் திடீரென்று ஏறி, அதற்கு மேல் எல்லா பாயிண்டிலும் உச்சியிலேயே நின்றது. எனக்குத் தலைகால் புரியவில்லை. மலை எங்கே கண்ணுக்குத் தெரிகிறதோ, அதே இடத்தில் அடியிலும் பாறை மாறுகிறது! சுத்தமான, நேரான எல்லை. அன்று கச்சிராயபாளையம் கடைத்தெருவில் அம்மாவுக்கு மிளகாய் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தேன்.

ஒரே ஒரு சங்கடம். ஈர்ப்புமானி அப்படிச் சொல்லவில்லை. மலைக்கு மூன்று கிலோமீட்டர் முன்னாலேயே, எங்கள் ஊர் வயல்களுக்கு நடுவிலேயே, ஈர்ப்பு மெல்ல ஏறத் தொடங்கிவிட்டது. அடிவாரத்தில் புதிதாக எதுவும் நடக்கவில்லை. நான் ஈர்ப்பைச் சந்தேகப்பட்டேன். உயரக் கணக்கில் எங்கோ பிசகியிருப்பேன் என்று தேடினேன். காந்தமானியைச் சந்தேகப்படத் தோன்றவே இல்லை. நான் ஆசைப்பட்டதை அது சொன்னதே காரணம்.

என் வழிகாட்டியான பேராசிரியை வரைபடங்களைப் பார்த்துவிட்டுப் போனில் கூப்பிட்டார்.

“காந்தம் சொல்றத ஈர்ப்பு சொல்லலியேம்மா.”

“ஈர்ப்புல ஏதாவது பிழை இருக்கும் மேடம்.”

“மலை தெரியற இடத்துலதான் மலை ஆரம்பிக்கணும்னு நீயே முடிவு பண்ணிட்ட மாதிரி இருக்கு. அடிவாரத்தத் திரும்ப அளந்து அனுப்பு. ரெண்டும் சேரலன்னா என்னால உன் தீசிஸ முன்னாடி அனுப்ப முடியாது.”

அவர் குரலை உயர்த்தவே மாட்டார். சொன்னால் சொன்னதுதான். கருவிகள் இரண்டும் வேறொரு நிறுவனத்திடம் இரவல் வாங்கியவை. வெள்ளிக்கிழமை கள்ளக்குறிச்சியிலிருந்து சாயங்கால பஸ்ஸில் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுக்கவேண்டும். என் ஆராய்ச்சிக் காலமும் அந்த மாதத்தோடு முடிகிறது. பேராசிரியை பேசியது ஞாயிற்றுக்கிழமை. ஐந்து நாளில் இரண்டு பெட்டிகளும் ஒரே வார்த்தையைச் சொல்லவேண்டும். இல்லாவிட்டால் ஐந்து வருடப் படிப்பு பாதியில் நிற்கும். எங்கள் தெருவில் கல்லூரிக்குப் போன முதல் பெண் நான். தோற்றுத் திரும்பினால் எல்லோரும் ஆறுதல் சொல்வார்கள். அதை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

திங்கட்கிழமை அடிவாரத்துக்குப் போனோம். ஒற்றையடிப் பாதையில் அம்மாவின் செருப்பைத் துளைத்துக்கொண்டு முள் தைத்துவிட்டது. பழக்கத்தில் அவள் கை தாலிக்குப் போனது. ஊக்கு அங்கே இல்லை, டப்பாவில் இருந்தது. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து, இன்னொரு முள்ளை ஒடித்து அதனால் தோண்ட ஆரம்பித்தாள். எனக்குப் பொறுமை இல்லை. மேலே ஏறிப்போய், ஒரு மரத்தில் முதுகைச் சாய்த்து, கோலைக் கட்டிப்பிடித்தபடி நானே பொத்தானை அழுத்தினேன்.

எண் கீழே இருந்தது. சமவெளியில் இருந்த அதே சாதுவான எண்.

திரும்ப அழுத்தினேன். அதே எண். அதற்குள் அம்மா முள்ளை எடுத்துவிட்டு நொண்டிக்கொண்டே வந்து கோலைப் பிடித்தாள். அழுத்தினேன். எண் குதித்தது.

“எம்மா, கொஞ்சம் கீழ போ.”

போனாள். எண் இறங்கியது.

“இப்ப வா.”

வந்தாள். ஏறியது.

“உங்கிட்ட இரும்பு இன்னா இருக்குது?”

“எல்லாத்தயும்தான் நீ புடுங்கி வச்சிக்கினியே.”

“எம்மா!”

அவள் மடியை அவிழ்த்தாள். மஞ்சள் துணியில் சுற்றி, வேப்பிலையும் ஒரு கரித்துண்டும் சேர்த்து, ஒரு கடையாணி. மாட்டு வண்டிச் சக்கரம் கழன்றுவிடாமல் அச்சின் முனையில் செருகுகிற இரும்பு ஆணி, என் விரல் தடிமன், ஒரு சாண் நீளம். மூன்று மாதமாக அதை இடுப்பில் செருகிக்கொண்டு நடந்திருக்கிறாள். வரப்பில் தள்ளி உட்கார்ந்திருந்தவரை அது கருவிக்குத் தெரியவில்லை. அடிவாரத்தில் கோலைப் பிடிக்க வந்த நிமிடத்திலிருந்து தெரிந்திருக்கிறது. நான் கண்டுபிடித்த பெரிய எல்லை, என் சுத்தமான நேர்க்கோடு, அம்மா எழுந்து வந்து நின்ற இடம். அவ்வளவுதான்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று ஊரே சொல்லும். அன்று நான் பேசியதை எழுதக் கூசுகிறது. ஆனாலும் ஒன்றை எழுதித்தான் ஆகவேண்டும். “படிக்காத ஜனத்தக் கூட்டினு வந்தது என் தப்பு,” என்றேன். அம்மாவைப் பார்த்து, அவள் கூலி வேலை செய்து படிக்கவைத்த வாயால் சொன்னேன்.

 அவள் கடையாணியை மறுபடி துணியில் சுற்றினாள். பஸ்ஸில் என் பக்கத்து இடம் காலியாக இருந்தும் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாள்.

மறுநாள் காலையில் புளிச்சோற்றைத் தூக்குச்சட்டியில் அடைத்துக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் பேச ஆரம்பித்தாள்.

“உனக்கு மூத்தவன் ஒருத்தன் இருந்தான், தெரியுமில்ல.”

தெரியும். எனக்கு முன்னால் ஓர் ஆண் குழந்தை பிறந்து இறந்துவிட்டது என்பது மட்டும் தெரியும். அதற்கு மேல் வீட்டில் யாரும் பேசியதில்லை.

“ஒம்போது மாசம் அவனுக்கு. மலையில மரவள்ளி புடுங்க ஆள் கூப்புட்டாங்க. இடுப்புல வச்சிக்கினு போய்ட்டேன். பச்சப்புள்ளயோட மலையேறனா மடியில இரும்பு வச்சிக்கணும்னு எல்லாரும் சொல்லுவாங்க. அவசரத்துல மறந்துட்டேன். உச்சி வெயில்ல எறங்கி வந்தேன். மூணாம் நாளு காய்ச்சல். ஒரே வாரம்.”

தூக்குச்சட்டியை மூடினாள். அது ஒழுங்காக மூடவில்லை. திரும்பவும் திறந்து மூடினாள்.

“இரும்பு இல்லாம ஏறுனா, புள்ளய மலை எடுத்துக்கிச்சு. அப்டிதான் சொன்னாங்க, வூட்லயும் தெருவுலயும். எனக்குப் பத்தொம்போது வயசு. எடுத்துனு போயிருந்தா இருந்திருப்பானோ இன்னாவோ. இப்ப நீ தெனமும் மலைக்குப் போற. பெட்டி சொல்றதுக்காக உன்ன நா சும்மா வுட முடியாது.”

“அது காய்ச்சல்மா. ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போயிருந்தா...”

“காய்ச்சல் எங்கேர்ந்து வந்துச்சு?”

 பூமியின் மேலோட்டைப் பற்றி நூறு பக்கம் எழுதியிருந்தேன். இதற்கு ஒரு வரி கிடையாது. அவள் அந்த ஆணியைத் தனக்காக வைத்திருக்கவில்லை, எனக்காக வைத்திருந்தாள். எனக்கு அழுகை வந்தது. அழுதால் அவளும் அழுவாள், வேலை கெடும் என்று வெளியே போய்ப் பல் தேய்த்தேன். ஏற்கெனவே ஒருமுறை தேய்த்திருந்தேன்.

திரும்பி வந்து, “கடையாணி உங்கிட்டயே இருக்கட்டும்,” என்றேன். “ஆனா தள்ளி நிக்கணும். எவ்ளோ தள்ளின்னு அளந்து பாத்துடலாம்.”

பள்ளிக்கூட மைதானத்தில் மூன்று மூங்கில் கழிகளைக் கயிற்றால் கட்டி, நடுவில் கோலை நிறுத்தினோம். முடிச்சுப் போட்டது அம்மா. பந்தல் போடுகிறவர்கள் போடுகிற முடிச்சு, அசையவே இல்லை. பிறகு அவள் கடையாணியோடு கோலின் அருகிலிருந்து ஒவ்வோர் அடியாகப் பின்னால் நகர்ந்தாள். நான் ஒவ்வோர் அடிக்கும் பொத்தானை அழுத்தினேன். எண் இறங்கிக்கொண்டே வந்து பன்னிரண்டாவது அடியில் அமைதியானது.

“அவ்ளோதானா?” என்றாள். முகம் வாடிவிட்டது. “பன்னண்டு அடிக்கு மேல இதுக்கு சக்தி இல்லியா?”

“பெட்டிக்குத் தெரியாதும்மா. மத்ததுக்கு எப்டின்னு எனக்குத் தெரியாது.”

கடையாணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “பெட்டி வேற, மலை வேற,” என்று தனக்குத்தானே முடிவு செய்துகொண்டாள்.

பத்திரத்துக்கு முப்பது அடி என்று வைத்துக்கொண்டோம். செவ்வாய் மதியத்திலிருந்து வியாழன்வரை ஒவ்வொரு பாயிண்டிலும் மூங்கிலை ஊன்றிக் கட்டிவிட்டு அம்மா முப்பது அடியை எண்ணிக்கொண்டே போவாள். அங்கே நின்று, மடியை ஒரு கையால் பிடித்தபடி, கண்கொத்திப் பாம்பாக என்னைப் பார்ப்பாள். நான் எழுதி முடித்துக் கையசைத்ததும் திரும்ப வந்து முடிச்சை அவிழ்ப்பாள். இப்படிப் போய்ப் போய் வந்தே அவள் அந்த மலையை இரண்டு தடவை ஏறியிருப்பாள். முள் தைத்த கால் வேறு. ஒருமுறைகூட முப்பதை இருபதாகக் குறைக்கவில்லை.

அடிவாரத்துக் குதிப்பு மறைந்துபோனது. எண்கள் சமவெளியிலிருந்து மலைக்குள் எந்தச் சத்தமும் இல்லாமல் நழுவிப் போயின. வியாழக்கிழமை மதியச் சோறு சாப்பிட்ட கையோடு பாறைமேல் மடிக்கணினியை வைத்துக் கோட்டை வரைந்து பார்த்தேன். பெரிய பொய் போனதும், அதன் நிழலில் மறைந்துகிடந்த சின்ன வளைவு ஒன்று தெரிந்தது. மலைக்கு மூன்று கிலோமீட்டர் முன்னால், வயல்களின் நடுவில். முன்பு அதைப் பார்த்துவிட்டுப் பக்கத்துப் பம்புசெட்டின் வேலை என்று நானே அடித்துவிட்டிருந்தேன். ஈர்ப்பு ஏறத் தொடங்கிய இடமும் அதுதான். என் ஈர்ப்புக் கணக்கில் பிழை இல்லை.

ஆனால் பம்புசெட் இல்லை என்று நிரூபிக்கவேண்டும். அன்று மாலை வெளிச்சம் இருக்கும்போதே அந்த வயலுக்குப் போனோம். மோட்டார் கொட்டகைக்காரரை அம்மாவுக்குத் தெரிந்திருந்தது.

“அண்ணே, மோட்டார கொஞ்சம் நிறுத்துங்க. பொண்ணு எடை போட்டு முடிச்சிக்கட்டும்.”

கொட்டகையிலிருந்தும் கம்பியிலிருந்தும் வெகுதூரம் விலகி, புதிதாக ஒரு வரிசை அளந்தேன். வளைவு அங்கேயும் இருந்தது. நான் வரப்பின்மேல் சப்பென்று உட்கார்ந்துவிட்டேன்.  கையசைத்து அம்மாவைக் கூப்பிட்டேன். ரெண்டு பெட்டியும் ஒரே இடத்தைச் சொல்லிவிட்டன, நான் தப்பித்தேன் என்றேன்.

“இன்னா சொல்லுது?”

“மலையோட கருங்கல்லு இங்கியே ஆரம்பிச்சிடுதும்மா. மேல கண்ணுக்குத் தெரியறது அங்க. ஆனா அடியில மலை இங்கேர்ந்தே இருக்குது. இந்தக் கழனிக்குக் கீழ.”

அம்மா குனிந்து காலடியைப் பார்த்தாள். நடவு முடிந்து ஒரு மாதமான பயிர், தண்ணீர் மினுங்கிக்கொண்டிருந்தது.

“இங்க மலை இருக்குதா?”

“இருக்குது.”

“நல்லாத் தெரியுமா? போன தடவ மாதிரி இல்லியே?”

“இல்லம்மா. இந்த முறை ரெண்டும் சொல்லுது.”

 அவள் வரப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“இது நா நடவு நட்ட கழனி. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து வருசா வருசம். உன்ன வயித்துல வச்சிக்கினு மாசம் பூரா இங்கதான் நின்னேன். இந்தச் சேத்துலதான் வலி எடுத்துச்சு, தோ அந்த மடைகிட்ட. நடவுக்கு அருவா கூட எடுத்துனு வர மாட்டோம். அப்ப தாலியில ஒரு ஊக்கு கூட கெடையாது, வெறும் மஞ்சக் கயிறு.”

“சரி.”

“இரும்புன்னு ஒண்ணுமே இல்லாம மலை மேல நின்னுக்கினு இருந்திருக்கேன். மாசக்கணக்கா. நீ பொறந்த. உனக்கு ஒண்ணும் ஆவல.”

அவள் பேச்சு எங்கே போகிறது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. 

“அப்ப அவன மலை எடுத்துக்கலியா?”

“இல்லம்மா.”

“நா மறந்ததால இல்லியா?”

“இல்லம்மா. காய்ச்சல். வெறும் காய்ச்சல்தான்.”

அம்மா அழுதாள். சாவு வீடுகளில் அவள் ஒப்பாரி வைத்துப் பார்த்திருக்கிறேன். இது அது இல்லை. சத்தமே வராமல், முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு, முப்பது வருடத்துக்கும் மேலாகச் சேர்த்து வைத்திருந்ததை அழுதாள். திங்கட்கிழமை சொன்ன வார்த்தைக்கு அங்கேதான் மன்னிப்புக் கேட்டேன். காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. மோட்டார்காரர் கொட்டகை வாசலில் இருந்து, “ஓட்டலாமாம்மா?” என்று கத்தினார். ஓட்டச் சொன்னேன். தண்ணீர் வாய்க்காலில் வரும்வரை உட்கார்ந்திருந்தோம்.

வெள்ளிக்கிழமை காலை ஒரே ஒரு பாயிண்ட் பாக்கி இருந்தது. வெள்ளிமலைச் சாலையிலிருந்து விலகி, சரிவின் மேலே. அதை முடித்துக்கொண்டு அப்படியே கள்ளக்குறிச்சிக்கு ஓடவேண்டும். கிளம்பும்போது அம்மா வழக்கம்போலத் தூக்குச்சட்டியை எடுத்தாள், மூங்கிலைத் தோளில் போட்டாள். மடியைப் பற்றி நான் கேட்கவில்லை. முந்தைய நாள் அழுதவளிடம் மறுநாள் காலையில் போய் அதைக் கேட்க எனக்கே வாய் வரவில்லை.

அந்த இடம் வெறும் பாறை. மூங்கில் ஊன்ற மண் இல்லை, காற்று வேறு. அம்மா வழக்கம்போல முப்பது அடி இறங்கிப் போய் நின்றிருந்தாள். நான் கோலை மார்போடு அணைத்துக்கொண்டு எப்படியோ ஒரு தடவை அழுத்தினேன். ஓர் எண் வந்தது. ஆனால் கோல் ஆடிக்கொண்டே இருந்தது. அதை நம்பி எழுத முடியாது. இரண்டாவது முறை அழுத்தப் போனபோது கால் வழுக்கியது.

நிமிர்ந்து பார்த்தால் அம்மா ஏறி வந்துகொண்டிருந்தாள். இருபது அடி. பதினைந்து. நில்லும்மா என்று கத்த வாயெடுத்தேன். பன்னிரண்டைத் தாண்டினாள். வந்து, எனக்கு மேலே ஒரு கல்லில் காலை ஊன்றி, என் கையிலிருந்து கோலை வாங்கி, அடிவாரத்தில் பிடித்த மாதிரியே நேராகப் பிடித்தாள். நேரம் உச்சிவேளையை நெருங்கிக்கொண்டிருந்தது.

“அமுத்து,” என்றாள்.

அழுத்தினேன். எண் அசையவில்லை. திரும்ப அழுத்தினேன். முதலில் வந்த அதே எண். கடைசி இலக்கத்தில் ஒன்று மட்டும் வித்தியாசம்.

“இன்னா சொல்லுது உன் பெட்டி?”

“ஒண்ணும் சொல்லலம்மா,” என்றேன். “நீ இங்க நிக்கறதே அதுக்குத் தெரியல.”

அவள் கோலைப் பிடித்தபடியே மலை உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் நோட்டை எடுத்து எண்ணை எழுதினேன். அருகில் இரும்பு இல்லை என்று பக்கத்தில் ஒரு குறிப்பும் போட்டேன்.